எண்ணூறு வாளி காற்று

சல்கினாயிடம் அவளுக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றி யாராவது கேட்டால் உடனே பதில் வந்துவிடும். தெரிந்த விஷயமாக இருந்தால்தான் கொஞ்சம் யோசிப்பாள். “என் வாய் முதல் பஸ்ஸுல போயிடும், மூளை அடுத்த பஸ்ஸுல வரும்” என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஓஷ் நகரத்து ஐஸ்கிரீம் ஆலையில் உலர்பனிக் கிடங்கை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். தடித்த கையுறை, கம்பளிக் காலணி, நாற்பத்தெட்டு வயது, யாருக்கும் விட்டுக்கொடுக்காத குரல்.

அந்த வேலைக்கு அவள் வந்த கதையை ஆலையில் எல்லோரும் அறிவார்கள். யாரும் கேட்காமலே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வயதில் இயற்பியல் ஆசிரியை ஆகவேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தாள். வாய்மொழித் தேர்வு. மேசைமேல் கவிழ்த்துப் பரப்பியிருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். திடப்பொருளிலும் வாயுவிலும் துகள்களின் இடைவெளி எப்படி வேறுபடும் என்பது கேள்வி. அந்தப் பாடத்தை அவள் படிக்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

“வாயுவுல துகள் எல்லாம் ஊதிப்போயிடும் சார். ரொட்டி மாவு பொங்குற மாதிரி.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப தண்ணி கொதிச்சு ஆவியானா, ஒவ்வொரு துகளும் பூசணிக்காய் அளவு ஆயிடுமாம்மா?”

“அவ்வளவு பெருசு ஆகாது சார். ஒரு ஆப்பிள் அளவுக்கு வரும்.”

ஐந்துக்கு இரண்டு போட்டார். இரண்டு என்றால் தோல்வி. மறுபடி தேர்வுக்குப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வசந்தத்தில் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மமசாலியைக் கல்யாணம் செய்துகொண்டாள். சந்தையில் சமோசா சுட்டாள், பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள், கடைசியில் ஆலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே பொறியாளர் லரிசா ஸ்தெபானொவ்னா புதிய ஆட்களை நிற்கவைத்து வகுப்பெடுத்தாள். வெண்மையான ஒரு கட்டியைக் கிடுக்கியால் தூக்கிக் காட்டினாள்.

“இது தண்ணியில செஞ்ச ஐஸ் இல்ல. நாம மூச்சு விடுறோமே, அந்த கரியமில வாயுவை இறுக்கிக் குளிரவச்ச கட்டி. இதுக்குள்ள துகள் எல்லாம் தோளோட தோள் ஒட்டி நிக்குது. நகர இடமில்ல, நின்ன இடத்துலயே நடுங்கும், அவ்வளவுதான். சூடு பட்டுச்சுன்னா உருகாது, நேரா காத்தாயிடும். அப்போ ஒவ்வொண்ணும் பக்கத்துத் துகளை விட்டு ஒன்பது பத்து மடங்கு தூரம் விலகிப் போயிடும். எல்லாப் பக்கமும் அப்படி விலகினா என்ன ஆகும்? ஒரு வாளிக் கட்டி, எண்ணூறு வாளி காத்து. ஞாபகம் வச்சுக்கோங்க, துகள் பெருசாகுறதில்ல. இடைவெளிதான் பெருசாகுது.”

சல்கினாய்க்கு முகம் சிவந்துபோனது. நடுவில் கடந்துபோன வருஷங்களை அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு சிரித்துவிட்டாள். அன்று மாலையே பக்கத்து வீட்டாருக்கு இதை விளக்கினாள். காலையில் ஏழாம் நம்பர் சிற்றுந்தில் ஏறினால் பக்கத்து ஆளின் முழங்கை நம் விலா எலும்பில் இருக்கும், அதுதான் திடப்பொருள். அதே முப்பது பேரைக் கொண்டுபோய்க் கோடை மேய்ச்சல் மலையில் இறக்கிவிட்டால் ஒருத்தர் கூப்பிடுவது இன்னொருத்தருக்குக் கேட்காது, அதுதான் வாயு. ஆள் யாரும் பருத்துவிடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து புதியவர்களுக்கு அந்த வகுப்பை அவளே எடுக்க ஆரம்பித்தாள். லரிசாவும் தடுக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

காரணம் சம்பந்தியம்மா. சல்கினாயின் மகள் ஜிபெக், அலாய் பள்ளத்தாக்கில் இருக்கும் சாரி மொகோல் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமியார் கலிபா முப்பது கவரிமாடு வைத்திருப்பவள். ஆள் உயரமில்லை, ஆனால் அவள் பேசினால் எதிர்மலைக்கும் கேட்கும். ஜிபெக்கின் கல்யாணத்துக்குச் சீராக உயிரோடு ஒரு கவரிமாட்டை லாரியில் ஏற்றி ஓஷுக்குக் கொண்டுவந்து இறக்கியவள். சல்கினாய் குடியிருப்பது நாலாவது மாடி. இரண்டு நாள் அந்த மாடு அடுக்குமாடி முற்றத்தில் துணி காயப்போடும் கம்பியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்தார் இன்றைக்கும் சல்கினாயை ‘மாட்டுச் சம்பந்தி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கை எப்படியாவது நேர்செய்ய வேண்டும் என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஜூலையில் கலிபாவின் இளைய மகனுக்குக் கல்யாணம். தொலைபேசியில் அழைத்தாள்.

“சம்பந்தியம்மா, நீங்க வெறுங்கையோட வந்தாப் போதும். இங்க எல்லாம் இருக்கு.”

“வெறுங்கையோடயா? நான் நூத்தி இருபது ஐஸ்கிரீம் கொண்டு வர்றேன்.” சொல்லும் நிமிஷம் வரை சல்கினாய்க்கே அந்த யோசனை இல்லை.

“அஞ்சு மணி நேரம் மலைப்பாதை. இங்க வந்து சேர்றப்ப பாலாத்தான் இருக்கும். பாலு எங்ககிட்டயே இருக்கே.”

“கல்லு மாதிரி இருக்கும். பாருங்க.”

லரிசாவிடம் போய்ச் சொல்லி, ஆலையின் நுரைப்பெட்டி ஒன்றும் பதினைந்து கிலோ உலர்பனியும் வாங்கிக்கொண்டாள். பெட்டி மூடியின் ஓரத்தில் வாயு வெளியேற ஒரு துளை உண்டு. லரிசா அதில் விரலை வைத்துக் காட்டினாள்.

“இதை அடைக்காதே. வண்டியில ஜன்னல் திறந்தே இருக்கணும். வண்டிக் காத்தாடியை வெளிக்காத்தை இழுக்குற மாதிரி போடு.”

“லரிசா ஸ்தெபானொவ்னா, இந்த வகுப்பை நான்தானே எடுக்குறேன்?”

“அதனாலதான் சொல்றேன்” என்றாள் லரிசா.

புறப்படும் நாள் காலையில் சல்கினாய் அழகு நிலையத்துக்குப் போய் முடியை அலை அலையாக அமைத்துக்கொண்டாள். பால் வெள்ளையில் வெல்வெட் மேலங்கி, ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை. மமசாலி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தான்.

“பொண்ணு யாரு, நீயா?”

“வண்டியை எடுங்க.”

முதல் ஒன்றரை மணி நேரம் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. குல்சோ ஊரைத் தாண்டியதும் நிலக்கரி லாரிகள் எதிரே வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் கடந்துபோகும்போது கரித்தூளை வீசிவிட்டுப் போயிற்று. அதற்கு மேலே சாலை பழுதுபார்க்கிற இடத்தில் மண்ணும் சேர்ந்துகொண்டது. சல்கினாய் மேலங்கியின் கையைப் பார்த்தாள். வெள்ளையில் முதல் கரும்புள்ளி.

“ஜன்னலை ஏத்துங்க.”

“பின்னாடி உன் பெட்டி இருக்கே. லரிசா சொன்னாங்கன்னு நீதான் சொன்னே.”

“பத்து நிமிஷத்துல என்ன ஆயிடும்? தூசி தாண்டினதும் இறக்கிக்கலாம். அந்தக் காத்தாடியையும் உள்காத்துல போடுங்க, அது வழியாவும் கரி வருது.”

மமசாலி ஏற்றினான். கிட்டத்தட்ட முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவன் கற்ற பெரிய பாடம், இரண்டாம் முறை சொல்லக்கூடாது என்பது. தூசி தாண்டியது. அடுத்த லாரி வந்தது. ஜன்னலை யாரும் இறக்கவில்லை. முடி கலையாமல் இருப்பது சல்கினாய்க்குச் சுகமாக இருந்தது.

தல்திக் கணவாயை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறியது. மமசாலி கொறிக்க வாங்கிப்போட்டிருந்த வறுவல் பாக்கெட்டுகள் உப்பித் தலையணை போல ஆகியிருந்தன.

“இதப் பாருங்க” என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். “ஏன் இப்படி ஆகுது தெரியுமா? மேல ஏற ஏற வெளிக்காத்து அழுத்துறது குறையும். பாக்கெட்டுக்குள்ள இருக்கிற துகளுக்கு, அப்பாடா, இடம் கிடைச்சுதுன்னு தோணும். இன்னும் விலகி நிக்கும். துகள் பெருசாகல, இடைவெளிதான்…”

“நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?”

“பேசுறேன்ல.”

“நீ பேசறப்ப எப்பவும் எனக்குத்தான் மூச்சு வாங்கும்.”

அவனுக்கும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் நெற்றியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. மலை ஏறினால் தலை வலிக்கும், மூச்சு வாங்கும், அது எல்லோருக்கும் உள்ளது என்று நினைத்தாள். அதையும் அவனுக்கு விளக்கினாள். வாயுக்கள் விரிவது பற்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டே வந்தவள், தன் முதுகுக்குப் பின்னால் பெட்டித் துளை வழியே ஒரு வாயு விரிந்து வண்டியை நிறைத்துக்கொண்டிருப்பதை மட்டும் நினைக்கவில்லை. பிறகு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் அவள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வாள்.

பேச்சு எப்போது நின்றது என்று அவளுக்கு நினைவில்லை. வண்டி ஓசை எங்கோ தொலைவில் கேட்டது. மமசாலியின் மோவாய் நெஞ்சைத் தொட்டது, நிமிர்ந்தது, மறுபடி தொட்டது. சாலை ஓரத்துக் கல் ஒன்று மெதுவாக, மிக மெதுவாக அவர்களை நோக்கி வந்தது. அந்தப் பக்கம் பள்ளம். ‘ஜன்னல்’ என்ற ஒரு வார்த்தை அவள் மனசில் எழுந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. கை நீண்டு ஒரு பொத்தானை அழுத்தியது. வானொலி பாட ஆரம்பித்தது. மறுபடி தடவினாள். கதவுக் கைப்பிடி கிடைத்தது. முழு எடையையும் போட்டு அதை இழுத்தாள்.

கதவு திறந்தது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. மமசாலி திடுக்கிட்டு விழித்து ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். சாலைக்காரர்கள் குவித்துவைத்திருந்த சரளைக் குவியலில் வண்டியின் மூக்கு புதைந்து நின்றது.

இருவரும் தவழ்ந்து வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்தார்கள். வெள்ளை வெல்வெட்டில் புழுதி அப்பியது. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. குதிரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி கடிவாளத்தை இழுத்து நின்றாள். கன்னம் இரண்டும் வெயிலில் சிவந்து கிடந்தன.

“ரெண்டு பேரும் குடிச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா” என்றான் மமசாலி.

“அப்ப சண்டையா?”

“அதுவும் இல்ல. ஐஸ்கிரீம்” என்றாள் சல்கினாய்.

அந்தப் பெண் திறந்து கிடந்த வண்டியையும், உள்ளே பாடிக்கொண்டிருந்த வானொலியையும், வெள்ளிச் சரிகை மேலங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாப்பது வருஷமா இந்தக் கணவாயில மேய்க்கிறேன். இந்தச் சாக்கு புதுசு” என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து சேணப்பையிலிருந்து குதிரைப்பால் குடுவையை நீட்டினாள். குளிர்ந்த புளித்த பால். குடிக்கக் குடிக்கத் தலை தெளிந்தது. மமசாலி சல்கினாயின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மிச்சத் தூரம் நாலு ஜன்னலும் திறந்துகிடக்க, பின்கதவைக்கூடக் கயிற்றால் பாதி திறந்தபடி கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். சாரி தாஷ் ஊரைத் தாண்டும்போது சல்கினாய் வாயைத் திறந்தாள்.

“அவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க.”

“ஏன்?”

“ஐஸ்கிரீம் கல்லு மாதிரி வரும்னு நான் சவால் விட்டிருக்கேன். கொண்டுவந்தவளே கல்லா வந்திருப்பேன்னு சொன்னா, அந்தம்மா இன்னும் முப்பது வருஷம் சிரிப்பாங்க.”

மமசாலி தலையாட்டினான். இரண்டாம் முறை சொல்லக்கூடாது என்பவன் முதல் முறையும் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

மதியம் மூன்று மணிக்குக் கலிபாவின் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. பெரிய அண்டாக்களில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பெண்கள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாவைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சல்கினாய் இறங்கினாள். அலை அலையான முடி இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்த வைக்கோல் போர். மேலங்கியின் நிறத்துக்குப் பெயர் கிடையாது. கலிபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள்.

“அய்யோ சம்பந்தியம்மா! என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. மலை ஒத்துக்கல.”

“அதானே பார்த்தேன்!” கலிபாவின் குரலில் இரக்கமும் திருப்தியும் பாதிப் பாதி. “டவுனுக்காரங்களுக்கு எங்க மலை தாங்காது. ஜிபெக், உங்கம்மாவைப் படுக்கவை. தேநீர்ல வெண்ணெய் போட்டுக் கொடு.”

ஜிபெக் அம்மாவை முன்னறைக்குக் கூட்டிப்போய் மெத்தை விரித்தாள். “நிஜமா மலைதானாம்மா?” என்று கேட்டாள். “மலைதான்டி” என்றாள் சல்கினாய். வெண்ணெய்த் தேநீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே கலிபா யார் யாரிடமோ, “மலை ஒத்துக்கலையாம், பாவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. தூங்கிப்போனாள்.

விழித்தபோது தலைமாட்டில் கலிபா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் உபகாரம் செய்த களை.

“ஐஸ்கிரீமைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கிட்டேன். உங்க பெட்டி ஓட்டை, சம்பந்தியம்மா. மூடி ஓரத்துல குபுகுபுன்னு புகை போயிட்டிருந்துச்சு. குளிர்ச்சியெல்லாம் வீணாப் போகுதேன்னு, அந்தக் கட்டியெல்லாம் எடுத்து எங்க பெரிய பால் கேன்ல போட்டு, மேல அறுபது ஐஸ்கிரீம் அடுக்கிட்டேன். மிச்சம் பெட்டியிலயே இருக்கு. கேனை இறுக்கிப் பூட்டிட்டேன். ரப்பர் வளையம் புதுசு. ஒரு பொட்டுப் புகை வராது.”

சல்கினாய் எழுந்து உட்கார்ந்தாள்.

“எப்ப மூடினீங்க?”

“இப்பத்தான். கால் மணி இருக்கும்.”

“கேன் எங்க?”

“பின்னறையில. அங்கதான் குளிர்ச்சி. மெதுவாப் பேசுங்க, உங்க சம்பந்தி அங்க தூங்குறாரு.”

கலிபாவின் கணவர் கொச்கொர்பாய் நூற்றுப் பத்துக் கிலோ. ‘கொச்கொர்’ என்றால் கிடா; பேருக்கேற்ற ஆள். சாப்பிட்டுப் படுத்தால் கூரையைப் பிரித்தாலும் எழுந்திருக்க மாட்டார். சல்கினாய் வெறுங்காலோடு ஓடினாள். பின்னறைக் கதவைத் திறந்தாள். சுவரோரம் அலுமினியப் பால் கேன். அதற்கு இரண்டடி தள்ளித் தரையில் மெத்தை விரித்து, வாய் திறந்தபடி அவர். கேனிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி ‘டிக்’. தட்டையாக இருக்க வேண்டிய மூடி, நடுவில் வயிறு வைத்திருந்தது.

மூடியின் கொக்கியைத் தளர்த்தலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். முகத்தை அதன் நேர்மேலே கொண்டுபோகாமல் அதைச் செய்ய முடியாது. ஓர் அறை, ஒரு கேன். அதற்குள் எண்ணூறு மடங்கு இடம் கேட்டு ஒரு கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது.

“சம்பந்தி! எழுந்திருங்க! சம்பந்தி!”

குறட்டைதான் பதில்.

அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் செய்யாததை அவள் செய்தாள். சம்பந்தியின் இரண்டு காலையும் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கவும் வணங்கவும் அல்ல, இழுக்க. மெத்தை ஓர் அங்குலம் நகர்ந்தது. பின்னாலேயே வந்த கலிபா வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடக் கடவுளே! மலைச்சுரம் மூளைக்கு ஏறிடுச்சு! சம்பந்தியம்மா, அவரை விடுங்க! ஜனங்க பார்க்குறாங்க!”

“அது வெடிக்கப்போகுது! எல்லாரும் வெளிய போங்க!”

“எது?”

“ஐஸு!”

“ஐஸ் எப்படிம்மா வெடிக்கும்?” கலிபா அவளைத் தோளைப் பிடித்து இழுத்தாள். சல்கினாய் கிடாவை இழுத்தாள். சத்தம் கேட்டு வந்த ஜிபெக், “அம்மா! மானத்தை வாங்காதே!” என்று ஆரம்பித்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வழக்கமாக இருக்கும் ‘எனக்குத் தெரியும்’ இல்லை. ஜிபெக் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் குனிந்து மாமனாரின் ஒரு காலைப் பிடித்தாள். தாயும் மகளும் இழுத்தார்கள். மெத்தையோடு வந்தார் அவர். வாசற்படியில் தலை ‘டொக்’ என்று இடித்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

“யாரு செத்துட்டாங்க?”

இன்னும் நாலு அடி. நடையின் வளைவு தாண்டியதுதான் தாமதம், உள்ளே இடி இடித்தது போல ஒரு சத்தம். முற்றத்தில் கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எண்ணெய்ச் சட்டி அருகே இருந்த பெண்கள் அலறினார்கள். பிறகு அமைதி. பின்னறைக்குள்ளிருந்து சொத், சொத் என்று எதுவோ விழும் ஓசை மட்டும் கேட்டது.

“உள்ள போகாதீங்க” என்றாள் சல்கினாய். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் விறகுக் கழியால் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். எதிர்க் கதவையும் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் யாரையும் அண்ட விடவில்லை. வெள்ளை மூட்டம் தரையோடு தரையாக வழிந்து வாசலைத் தாண்டிப் போயிற்று. பிறகு எட்டிப் பார்த்தார்கள். கேன் மூடி கூரைப்பலகையில் விளிம்பு வரை செருகி நின்றது. கொக்கி எங்கே போனது என்று தெரியவில்லை. கூரையெல்லாம் வெனிலா. கொச்கொர்பாயின் தகப்பனார் படம் சுவரில் இருந்தது. அவர் மீசையில் ஸ்ட்ராபெர்ரி. மெத்தை விரித்திருந்த இடத்தில், தலையணை அளவுக்குக் கேனின் ஒரு துண்டு கிடந்தது.

கலிபா அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவள் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது.

“நான்தானே மூடினேன்.”

முற்றத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் சல்கினாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலிபா அழுவாள் போலிருந்தது. சல்கினாய்க்கு இப்போது ஒரு வழி திறந்திருந்தது. ‘ஆமாம், ஏன் மூடினீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கவரிமாட்டுக் கணக்கு வட்டியோடு தீர்ந்துவிடும். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் மமசாலி முற்றத்துக் கோடியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க மூடினது தெரியாம” என்றாள். “திறந்துவைக்கணும்னு சொல்ல வேண்டியவ நான். வந்ததும் சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா, எனக்கு மலை ஒத்துக்காமப் போகல. இதே சனியன் வண்டியில புகுந்து எங்க ரெண்டு பேரையும் பள்ளத்துல தள்ளப் பார்த்துச்சு. ஜன்னலை மூடச் சொன்னது நான். இந்த மேலங்கியில கரி படக்கூடாதுன்னு.” மேலங்கியை விரித்துக் காட்டினாள். “பாருங்க. படாமத்தான் இருக்கு.”

யாரோ ஒரு கிழவர் முதலில் சிரித்தார்.

“ஏன் சம்பந்தியம்மா முதல்லயே சொல்லல?” என்றாள் கலிபா.

“சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு.”

“சிரிக்காம?” என்றாள் கலிபா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. “இருபது வருஷமா அந்த ஐஸைக் கட்டி மேய்க்கிறீங்க, அது உங்களையே ஏமாத்திடுச்சே. என் மாடுங்க கூட இந்த அளவுக்கு என்னை ஏமாத்தினதில்லையே!” என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியில் சல்கினாய்க்கு மறுபடி மூச்சு வாங்கியது.

கொச்கொர்பாய் மட்டும் தலையின் பின்பக்கத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். “இவ்வளவு சத்தம் போட்டும் எழுந்திருக்கலையா நான்?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

கல்யாணம் மறுநாள் நன்றாகவே நடந்தது. பெட்டியில் மிஞ்சிய அறுபதை முந்தின நாள் மாலையே எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கல் மாதிரி இல்லை. கரண்டியில் எடுத்தால் வழிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சல்கினாயை நடுவில் உட்காரவைத்துக் கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் முட்டாள்தனம் ஒரு படி கூடியது. மூன்றாம் முறை சொல்லும்போது வண்டியில் அவளே கத்திக்கொண்டு பாடியதாகவும் வந்துவிட்டது. மமசாலி மறுக்கவில்லை. பெண்ணழைப்பு வந்து மணப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தபோதுகூட, அந்தப் பெண் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஓஷுக்குத் திரும்பியதும் லரிசாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லரிசா சிரிக்கவில்லை. முகம் வெளுத்தது. பிறகு கத்தினாள். மூன்று மாதம் கிடங்குச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவளைக் குச்சி ஐஸ் பொட்டலம் கட்டும் வரிசையில் நிறுத்தினாள். அங்கே அவளைவிட இருபது வயது சின்னவர்களெல்லாம், “அக்கா, ஜன்னலைத் திறக்கட்டுமா?” என்று நாளுக்குப் பத்து முறை கேட்டார்கள். “திற. உன் தலைக்குள்ளயும் கொஞ்சம் காத்து போகட்டும்” என்பாள். பதில் சொல்லாமல் மட்டும் இருந்ததில்லை. இரவில் கண்ணை மூடினால் அந்த அலுமினியத் துண்டு கிடந்த மெத்தை இடம் தெரிவதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிக்கவைக்க முடியாத ஒன்றை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கலிபா இப்போது வாரம் ஒரு முறை தானாகக் கூப்பிடுகிறாள். மாடு, வெண்ணெய், மருமகள், எல்லாம் பேசுகிறாள். போன இலையுதிர் காலத்தில் சல்கினாய் மறுபடி சாரி மொகோல் போனாள், இந்த முறை ஒரு பை ஆப்பிளோடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கொச்கொர்பாய்க்குக் கண் சொக்கியது. எழுந்து மெத்தையருகே போனார். திரும்பிச் சல்கினாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கம்பளத்தில் சம்மணம் போட்டு, இரண்டு பாதத்தையும் தொடைக்கடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.